கருத்தடையும் இளம் பருவமும்: பெங்களூர் காட்டும் பாடம்

1930-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் தேதி மைசூர் சமஸ்தான அரசாங்கம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. பெங்களூரிலும் மைசூரிலும் இருந்த முக்கியமான மருத்துவமனைகளில் கருத்தடை நிலையங்களைத் திறக்க வேண்டும் என்பதே அந்த உத்தரவு. அப்பொழுது மைசூரை ஆண்டவர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். திவானாக இருந்தவர் சர் மிர்சா இஸ்மாயில். உலகில் ஓர் அரசாங்கம் தானே முன்வந்து நடத்திய கருத்தடை நிலையங்களில் இவையே முதலாவன என்று மக்கள்தொகை பற்றிய நூல்கள் பலவும் குறிக்கின்றன.

இதன் அருமையை உணர வேண்டுமானால், அந்நாளில் பிற இடங்களில் நடந்தவற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் 1916-ஆம் ஆண்டு மார்கரெட் சாங்கர் அம்மையார் ஒரு கருத்தடை நிலையத்தைத் தொடங்கினார். சில நாட்களுக்குள் போலீசார் அதை மூடிவிட்டனர். அம்மையாரும் சிறை செல்ல நேர்ந்தது. லண்டனில் 1921-ஆம் ஆண்டு மேரி ஸ்டோப்ஸ் அம்மையார் திறந்த நிலையம் அவருடைய சொந்த முயற்சி. அதே ஆண்டில் பம்பாயில் இப்பணியைத் தொடங்கிய ரகுநாத் தோண்டோ கார்வே ஒரு கணிதப் பேராசிரியர். இக்கொள்கையின் பொருட்டுத் தம் கல்லூரி வேலையையே இழந்தார். எங்கும் தனி மனிதர்கள் சமூகத்தோடும் சட்டத்தோடும் போராடிக்கொண்டிருந்த காலத்தில், மைசூரில் அரசாங்கமே மருத்துவமனைக் கதவைத் திறந்து வைத்தது. பெங்களூர் மக்கள் இதை எண்ணிப் பெருமைப்படுவது நியாயமே.

ஆனால் வரலாற்றைப் பெருமைக்காக மட்டும் படிப்பதில் பயன் குறைவு. இன்று நம் இல்லங்களில் வளரும் பதின்மூன்று வயது, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு என்ன சொல்கிறது? அவர்களுக்கு உடலைப் பற்றியும் கருவுறுதலைப் பற்றியும் யார் சொல்வது, எப்பொழுது சொல்வது என்ற கேள்வி நம் வீடுகளில் இன்னும் விடை காணாமலே இருக்கிறது. அக்கேள்வியை மனத்திற்கொண்டு, பெங்களூரின் கடந்த காலத்தைச் சற்றுப் பார்ப்போம்.

உடலுறவு பற்றிய நலத்தில் அரசாங்கம் தலையிட்டது 1930-ல்தான் முதன்முறை என்று எண்ணிவிடக் கூடாது. 1809-ஆம் ஆண்டு முதல் பெங்களூரில் ஆங்கிலேயரின் தண்டு அமைந்திருந்தது. பேட்டை மைசூர் மன்னருடையது, தண்டு ஆங்கிலேயருடையது. அல்சூர் முதலிய பகுதிகளில் தமிழ் மக்கள் பெருந்தொகையாகக் குடியேறியதும் இத்தண்டை ஒட்டித்தான். சிப்பாய்களிடையே மேகநோய் பரவியபோது, 1864-ஆம் ஆண்டின் தண்டுச் சட்டமும் 1868-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும் இயற்றப்பட்டன. அவற்றின்படி, விலைமாதர் என்று பதிவு செய்யப்பட்ட பெண்கள் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். நோய் கண்டவர்கள் ‘லாக் ஆஸ்பத்திரி’ எனப்பட்ட விடுதியில் அடைத்து வைக்கப்பட்டனர். பெங்களூரிலும் அத்தகைய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. நோயைத் தந்தும் பெற்றும் வந்த சிப்பாய்க்கு இத்தகைய பதிவோ சிறையோ இல்லை. இங்கிலாந்தில் ஜோசஃபின் பட்லர் முதலானோர் நடத்திய கிளர்ச்சியின் பயனாக 1888-ஆம் ஆண்டு இம்முறை கைவிடப்பட்டது. இதனால் நோய் நீங்கியதா? இல்லை. மருத்துவமனை என்றாலே அஞ்சி ஒளியும் வழக்கந்தான் மிஞ்சியது. அச்சுறுத்தி உடல்நலத்தைக் காக்க முடியாது என்பது பெங்களூர் கற்ற முதற்பாடம்.

தண்டில் இவ்வாறிருக்க, வீடுகளுக்குள் வேறொரு துன்பம் இருந்தது. சிறு பெண்களுக்கு மணம் முடித்து வைக்கும் வழக்கம் நாடெங்கும் பரவியிருந்தது. பருவமெய்திய உடனே அப்பெண் கணவன் வீடு செல்வாள். பதினான்கு, பதினைந்து வயதில் தாயாவாள். இடுப்பெலும்பு வளர்ச்சி பெறாத உடல் பிரசவத்தைத் தாங்குவது கடினம். தாய் இறப்பதும், குழந்தை இறப்பதும், இரண்டும் பிழைத்தாலும் தாய் நிரந்தர நோயாளியாவதும் அக்குடும்பங்கள் ‘விதி’ என்று ஏற்றுக்கொண்ட செய்திகள்.

இதைத் தடுக்க மைசூர் சமஸ்தானம் முன்கூட்டியே ஓர் அடி எடுத்து வைத்தது. சர் கே. சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்த காலத்தில், 1894-ஆம் ஆண்டு, குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டம் ஒன்று நிறைவேறியது. எட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் செய்வதை அது குற்றமாக்கியது. ஐம்பது வயதைக் கடந்தவர் பதினான்கு வயது நிரம்பாத சிறுமியை மணப்பதையும் தடுத்தது. எட்டு வயது என்பது இன்று நமக்கு வியப்பாகவும் வேதனையாகவும் தோன்றும். ஆயினும் அந்த எட்டு வயதுக்கே அன்று பெரும் எதிர்ப்பு எழக்கூடிய நிலை. பின்னர் 1929-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இந்தியாவில் சாரதா சட்டம் இயற்றப்பட்டு, பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று வயது வகுக்கப்பட்டது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. மைசூர் அரசாங்கத்தின் கருத்தடை உத்தரவு அதற்குச் சற்றேறக்குறைய பத்து வாரங்களுக்குப் பின் வந்தது.

இவ்விரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அந்நாளைய கருத்தடை நிலையம் மணமான பெண்ணுக்காக ஏற்பட்டது. மணமாகாதவள் அங்கே வந்து ஆலோசனை கேட்பாள் என்று எவரும் எண்ணியிருக்க முடியாது. ஆனால் அந்நாளைய மணமான பெண் பலமுறையும் பதின்பருவத்தினளே. பதினைந்து வயதில் முதற் குழந்தையையும் பதினேழு வயதில் இரண்டாவதையும் பெற்று, இரத்தம் குன்றி நின்ற அந்த இளந்தாய்க்கு, அடுத்த பிரசவத்தைத் தள்ளிப்போடும் வழி உண்டு என்று ஒரு மருத்துவர் சொன்னால் அது உயிர் காக்கும் சொல். ஆகவே, பதின்பருவத்தினருக்குக் கருத்தடை அறிவு என்பது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த புதுமை என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. நம் ஊரில் அதன் தேவை மிகப் பழையது.

அக்காலத்தில் இதைப் பற்றி நாடெங்கும் விவாதம் நடந்தது. தமிழ்நாட்டில் பெரியார் ஈ. வெ. ராமசாமி ‘குடி அரசு’ இதழில் கர்ப்பத்தடையை வற்புறுத்தி எழுதிவந்தார். மற்றவர்கள் தாயின் உடல்நலம், குடும்பத்தின் வறுமை, நாட்டின் மக்கட்பெருக்கம் ஆகியவற்றைக் காரணங்களாகக் கூறினர். அவரோ பெண்ணின் விடுதலையையே முதற்காரணமாகக் கொண்டார். மறுபுறம் காந்தியடிகள், செயற்கை முறைகளை ஏற்காமல், புலனடக்கமே வழி என்று உறுதியாக நின்றார். 1935-ஆம் ஆண்டு டிசம்பரில் வார்தாவுக்கு வந்து அவரைச் சந்தித்த மார்கரெட் சாங்கர் அம்மையாரால் அவர் கருத்தை மாற்ற இயலவில்லை. இவர்கள் கருத்தில் மாறுபட்டனரே தவிர, இப்பொருளை வாய்விட்டுப் பேசக் கூச்சப்படவில்லை. பெரியோர் இவ்வளவு வெளிப்படையாகப் பேசிய நாட்டில், வீட்டுக்குள் மட்டும் மௌனம் ஏன் நீடித்தது என்பது சிந்திக்கத்தக்கது.

நாடு விடுதலை பெற்ற பின், 1952-ஆம் ஆண்டில், இந்தியா தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை மேற்கொண்டது. அவ்வாறு செய்த முதல் நாடு என்ற பெயரும் பெற்றது. காந்தியடிகளின் அணுக்கத் தொண்டராக இருந்த ராஜ்குமாரி அம்ருத் கௌர் அப்பொழுது சுகாதார அமைச்சர். ஆதலின் கருவி எதுவும் இன்றி, மாதத்தில் சில நாட்களை விலக்கி வைக்கும் முறையைப் பரீட்சித்துப் பார்க்க விழைந்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் டாக்டர் ஆபிரகாம் ஸ்டோன் வந்து ஆலோசனை கூறினார். தில்லியில் லோதி காலனியும், பெங்களூரை அடுத்த ராமநகரமும் ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன.

ராமநகரத்துப் பெண்களுக்கு எழுத்தறிவு குறைவு என்று கருதி, நாட்களைக் கணக்கிட மணிமாலை ஒன்று கொடுக்கப்பட்டது. நாளுக்கு ஒரு மணி நகர்த்த வேண்டும். ஒரு நிறம் வந்தால் கருவுறும் நாள். மற்றொரு நிறம் வந்தால் அபாயமில்லாத நாள். மாலை கழுத்தில் இருந்தால் போதும், அதுவே காக்கும் என்று சிலர் எண்ணிவிட்டதாக ஒரு கதை பின்னாளில் பரவியது. கதை எவ்வாறாயினும், எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்பது உண்மை. அதற்காக அப்பெண்களை அறியாதவர்கள் என்று நகைப்பது முறையன்று. அவர்களுக்கு மாலை கிடைத்தது. தம் உடலுக்குள் கருமுட்டை எப்பொழுது முதிர்கிறது, மாதவிலக்கு ஏன் வருகிறது என்னும் அறிவும், வேண்டாம் என்று கணவனிடம் சொல்லும் உரிமையும் மாலையோடு சேர்ந்து வந்துவிடவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் ஐக்கிய நாடுகள் சபையும் இந்திய அரசாங்கமும் இணைந்து மைசூர் இராஜ்யத்தில் ஒரு மக்கள்தொகை ஆய்வை நடத்தின. பெங்களூர் நகரமும் அதில் அடங்கும். 1961-ஆம் ஆண்டு அதன் அறிக்கை நூலாக வெளிவந்தது. குழந்தைகள் இனிப் போதும் என்ற எண்ணம் குடும்பங்களில் இருந்தும், அதற்குரிய வழியைக் கைக்கொண்டவர் குறைவாக இருந்ததை அது காட்டியது. மைசூரில் கருத்தடை உத்தரவு பிறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்த நேரம் அது. கதவு திறந்திருப்பது வேறு. அக்கதவை நோக்கி நடக்கும் துணிவை மக்கள் பெறுவது வேறு.

பின்வந்த ஆண்டுகளில் திட்டம் வேகம் பெற்றது. 1965-ல் லூப் எனப்படும் வளையம் வந்தது. 1968-ல் ‘நிரோத்’ ஆணுறை கடைக்கடையாகச் சென்றது. தலைகீழான சிவப்பு முக்கோணம் சுவர்தோறும் காட்சியளித்தது. ஆனால் அச்சுவரெழுத்துக்கள் பேசியதெல்லாம் கணவன் மனைவியரோடுதான். நெருக்கடி நிலைக் காலத்தில் திட்டம் நெறி தவறியது. 1976-77-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 80 லட்சத்திற்கும் மேற்பட்டோர்க்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அதில் வற்புறுத்தலும் அச்சுறுத்தலும் கலந்திருந்தன. மக்களின் வெறுப்பு அடுத்த தேர்தலில் வெளிப்பட்டது. 1977-ல் திட்டத்தின் பெயரே ‘குடும்ப நலம்’ என்று மாற்றப்பட்டது. லாக் ஆஸ்பத்திரிக் காலத்துப் பாடத்தை நாடு மறுபடியும் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

இதற்கிடையில் வேறொரு மாற்றம் ஆரவாரமின்றி நிகழ்ந்தது. பெண்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்றனர். 1978-ஆம் ஆண்டில் மண வயது பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று என உயர்ந்தது. கர்நாடகம் 2017-ல் ஒரு படி மேலே சென்று, தன் எல்லைக்குள் நடைபெறும் குழந்தை மணங்கள் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை என்று சட்டத் திருத்தம் செய்தது. இவையெல்லாம் போற்றத்தக்கவை. ஆயினும் இவற்றால் புதிதாக ஒரு பருவம் பிறந்தது. முன்பு பருவமெய்துவதற்கும் மணத்திற்கும் இடையே இடைவெளியே இல்லை. இன்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பூப்பெய்தும் பெண் இருபத்தைந்து வயதில் மணம் புரிகிறாள் என்றால், இடையே பன்னிரண்டு ஆண்டுகள் கிடக்கின்றன. உடல் முதிர்ந்து, ஆசைகள் அரும்பி, அறிவு இன்னும் நிறைவு பெறாத ஆண்டுகள் அவை. திட்டங்கள் மணமானவர்களை நோக்கியே அமைந்தமையால், இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பிள்ளைகளோடு பேச வேண்டியவர் எவர் என்பதை ஒருவரும் வரையறுக்கவில்லை.

பள்ளியில் பேசலாம் என்று ஒரு முயற்சி நடந்தது. வளரிளம் பருவக் கல்வி என்ற பெயரில் மத்திய அரசு கொணர்ந்த பாடத்திட்டத்தை 2007-ஆம் ஆண்டு கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலங்கள் நிறுத்தி வைத்தன. நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது, பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது எதிர்த்தவர்களின் அச்சம். பெற்றோரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. அது அன்பில் பிறந்த அச்சம். ஆனால் ஆய்வுகள் வேறு விதமாகக் கூறுகின்றன. பல நாட்டு ஆய்வுகளை ஆராய்ந்து யுனெஸ்கோ 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி, முறையான பாலியல் கல்வியால் இளைஞர்கள் முன்கூட்டி உறவில் ஈடுபடும் நிலை உண்டாவதில்லை என்று தெரிவிக்கிறது. தெரியாமை ஒருவரையும் காத்ததில்லை என்பதற்கு நம் பாட்டிமார் காலத்துப் பிரசவ மரணங்களே சான்று.

2014-ஆம் ஆண்டு ஜனவரியில் பத்து முதல் பத்தொன்பது வயதினருக்கென்றே ‘ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்’ என்னும் தேசிய நலத்திட்டம் தொடங்கியது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இவ்வயதினர் நாட்டில் 25 கோடிக்கும் மேற்பட்டவர். இத்திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் இளம் பருவத்தினருக்குரிய ஆலோசனை நிலையங்கள் அமைந்தன. கர்நாடகத்தில் அவற்றுக்கு ‘ஸ்நேஹா கிளினிக்’ என்று பெயர். ஸ்நேஹம் என்றால் நட்பு. 1930-ல் தாய்க்குத் திறந்த கதவு, எண்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் மகளுக்கும் மகனுக்கும் திறந்தது எனலாம்.

இன்னும் செய்ய வேண்டியது மிகுதி. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இருபது முதல் இருபத்து நான்கு வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 23 பேர் பதினெட்டு நிரம்புமுன் மணம் செய்து வைக்கப்பட்டவர்கள். கர்நாடகத்திலும் ஏறக்குறைய அதே நிலைதான்: நூற்றுக்கு 21 பேர். சட்டம் தடுத்த மணம் இன்னும் நடக்கிறது என்றால், பதின்பருவத் தாயும் இன்னும் இருக்கிறாள் என்பது பொருள்.

இனி, ஒரு பெற்றோரோ ஆசிரியரோ வளரும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய செய்திகள் எவை? அவை அதிகமில்லை. ஆணுறை ஒன்றே கருவையும் நோயையும் ஒருங்கே தடுக்க வல்லது. கருத்தடை மாத்திரையும், மூன்று மாதத்திற்கு ஒருமுறை இடும் ஊசியும், தாமிர வளையமும் கருவைத் தடுக்கும், நோயைத் தடுக்கமாட்டா. இவற்றை மருத்துவரின் ஆலோசனையோடு கொள்ள வேண்டும். அவசரகால மாத்திரையை 72 மணி நேரத்திற்குள், எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில், உட்கொள்ள வேண்டும். அது வழக்கமாகக் கொள்ளத்தக்கது அன்று. ராமநகரத்து மணிமாலை முறையை இளம் பெண்கள் நம்புதல் ஆகாது. பூப்பெய்திய முதற் சில ஆண்டுகளில் மாதச்சுழற்சி ஒழுங்காக இராது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வித்தாகும் வைரசுக்கு எதிரான தடுப்பூசியை ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போடுவது சிறந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னதாகச் சொல்ல வேண்டியது ஒன்று: விருப்பமில்லாத தீண்டலை மறுக்கும் உரிமை எந்த வயதுக்கும் உண்டு, அது எவரிடமிருந்து வந்தாலும் வெளியே சொல்வது குற்றமன்று.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு நிரம்பாதவரோடு கொள்ளும் உறவு, அவர் இசைந்தாலும், குற்றமாகும். இச்செய்தியை இளைஞர்கள் இருபாலாரும் அறிந்திருக்க வேண்டும். ஆனால் இச்சட்டத்திற்கு அஞ்சி, கருவுற்ற சிறுமி மருத்துவமனைக்கே வராமல் போலி வைத்தியர்களை நாடினால் உயிருக்கே ஆபத்து. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் தகுதி பெற்ற மருத்துவரிடம் பாதுகாப்பாகக் கருக்கலைப்பு செய்துகொள்ள வழி தருகிறது. பதினெட்டு நிரம்பாதவர்க்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். சிறுமியும் அவளுடைய காப்பாளரும் வேண்டிக்கொண்டால், மருத்துவர் போலீசாருக்குத் தரும் தகவலில் அவள் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடருற்ற குழந்தை எவரேனும் 1098 என்ற எண்ணில் இலவசமாக உதவி கோரலாம்.

நேயர்களே, பெங்களூரின் கதையில் மூன்று வகை ஆட்சிமுறைகளைக் கண்டோம். தண்டு ஆஸ்பத்திரியும் நெருக்கடி நிலையும் அச்சுறுத்தின. மக்கள் விலகி ஓடினர். ராமநகரத்து ஆய்வு கருவியைக் கொடுத்தது, விளக்கம் போதவில்லை. 1930-ஆம் ஆண்டு உத்தரவு கதவைத் திறந்து, வருவோரை மதிப்போடு வரவேற்க முனைந்தது. அது விதைத்த விதை இன்றும் முளைத்துக்கொண்டிருக்கிறது. மிர்சா இஸ்மாயிலின் அரசாங்கம் திறந்தது மருத்துவமனைக் கதவை. வீட்டுக் கதவை எந்த அரசாங்கமும் உத்தரவிட்டுத் திறக்க முடியாது. மகள் முதன்முதல் மாதவிலக்கைப் பற்றிக் கேட்கும் அன்று, ‘இதெல்லாம் இப்பொழுது எதற்கு’ என்று தாய் வாயடைத்தால், அடுத்த கேள்வியை அவள் தாயிடம் கொண்டு வரமாட்டாள். மகனுக்கும் இஃதே பொருந்தும். அவனோடு தந்தை பேச வேண்டும். இன்றிரவே அந்தப் பேச்சைத் தொடங்கலாம். நேரமும் இடமும் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.